ஊட்டின பிள்ளைகள்

பாப்பிரெட்டிப்பட்டி
12-7-1987

அன்புள்ள அன்வர் அண்ணனுக்கு, வஹிதா எழுதுவது.

வீட்டில் உன்னை பாய் என்று கூப்பிட்டாலும் பேனாவைப் பிடித்தால் அண்ணன் என்றுதான் வருகிறது. எட்டாவதோடு நின்ற தமிழ் அப்படி. இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்க வேண்டும். உன் அறையில் இருப்பவர்களிடம் காட்டாதே. அப்பாவுக்கு எழுதும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக்கூடாது.

என் நிக்காஹ் பக்ரீத் கழிந்த மறு வாரம் என்று முடிவாகிவிட்டது. அரூர் மெத்தைக்கடை வீட்டார் வந்து பேசி முடித்துப் போனார்கள். மாப்பிள்ளை முனாப்பை உனக்கு நினைவிருக்கும். அரூருக்குக் குடிபோகும் முன் அவர்கள் நம் தெருவில்தான் இருந்தார்களாம்.

நேற்றுக் காலை அம்மா புதுத்துணிகளைக் கட்டில்மேல் பரப்பி வைத்திருந்தார். பால் ஊற்ற வந்த பின்வீட்டுக் குள்ளம்மாள் அத்தை அவற்றைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை யார் என்று கேட்டார். அம்மா சொன்னதும் அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பாரு கூத்த. ரெண்டுமே நான் ஊட்டுன புள்ளைங்க. இப்ப ஒரே வூட்டுல சேரப்போகுதுங்க.”

அம்மாவும் சிரித்து, முதல் சேலை உனக்குத்தான் குள்ளம்மா என்றார். உருது பேசி வளர்ந்த அம்மாவின் காதில் அது சோறு ஊட்டுவதாக விழுந்தது. என் காதில் அப்படி விழவில்லை, அண்ணா. அத்தையின் கொட்டகையில் கன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய் மடியில் வாய் வைத்துவிட்டால், “கன்னு ஊட்டிருச்சு” என்றுதான் அவர் கத்துவார். தினமும் கேட்கிறேன்.

ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் யார் வயிற்றில் பிறந்திருந்தாலும் அண்ணன் தங்கை, அவர்களுக்குள் நிக்காஹ் ஹராம் என்று, எனக்கு ஓதக் கற்றுக்கொடுத்த நசீம் பானு ஆப்பா சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு முறை குடித்திருந்தாலும் அப்படித்தானாம். கொடுத்தவள் நம் மார்க்கமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லையாம். நான் பிறந்தவுடன் அம்மாவுக்கு டைபாய்டு வந்து நினைவில்லாமல் கிடந்தார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்போது என்னை வைத்திருந்தது அத்தைதான். ஆட்டுப்பால் கொடுத்தாள் என்று அம்மா சொல்கிறார். அம்மா அதைக் கண்ணால் பார்த்தாரா?

அத்தையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டு, ஆமாம் என்றுவிட்டால் என்ன செய்வேன்? கேட்காமல் இருந்து அது உண்மையாக இருந்தால் என்ன ஆவேன்? யாருக்கு யார் என்ன உறவு என்று உன் கம்ப்யூட்டர் மிஷின் சொல்லிவிடும் என்றாயே. அதைக் கேட்டு எழுது. சீக்கிரம் எழுது.

வஹிதா


பெங்களூர்
18-7-1987

வஹி,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன், போதுமா? படித்ததும் கிழித்தும் விட்டேன்.

நீ ஒரு பயந்தாங்கொள்ளி. ஊட்டுவது என்றால் கையால் ஊட்டுவது. தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் ஆறாவதிலேயே தர்மபுரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் கொட்டகைத் தமிழ் எனக்குத் தெரியாது என்று சொல்வாய். சொல்லிக்கொள். இருந்தாலும் உன் மனம் அடங்கட்டும் என்று மிஷினிடம் கேட்டுவிட்டேன்.

ரம்ஜானுக்கு வந்தபோது நம் தெரு முழுக்க யாருக்கு யார் அம்மா, யாருக்கு யார் மனைவி என்று விசாரித்துக்கொண்டு திரிந்தேன் அல்லவா? எங்கள் புரொபசருக்கு ஒரு முழுத் தெருவின் உறவுகள் வேண்டியிருந்தன. அவ்வளவையும் மிஷினில் ஏற்றியிருக்கிறோம். கூடவே விதிகள். அம்மாவின் தம்பி மாமா, மாமாவின் பிள்ளை மச்சான் என்பது போல. மீதி உறவுகளை அதுவே யோசித்துக் கண்டுபிடிக்கும். டீக்கடை காஜா மாமுவுக்கு அவர் மனைவியே இரண்டு வழியில் சொந்தம் என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தது இதுதான்.

உனக்காக இதில் முனாப் வீட்டாரையும் பால் உறவு விதியையும் சேர்த்தேன். அதோடு மிஷின் சுருண்டுவிட்டது. பால் கொடுத்தவள் தாய் என்றால் அவள் கணவன் தகப்பன், அவள் பிள்ளைகள் உடன்பிறப்பு, அவள் தங்கை காலா. அவர்களிடமிருந்து இன்னும் உறவு கிளைக்கிறது. கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் மிஷின் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதன் மெமரி மிகச் சிறியது. சித்தேரி மலைப் புளி மொத்தத்தையும் அப்பாவின் குடோனில் இறக்கினால் எப்படி இருக்கும், அப்படி. காலையில் தட்டிவிட்ட கேள்விக்குச் சாப்பாட்டு வேளை தாண்டியும் யோசித்துக்கொண்டே இருந்தது. பிறகு மெமரி போதவில்லை என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

சரி என்று சுமையைக் குறைத்தேன். பிள்ளையில்லாமல் இறந்தவர்களை எடுத்தேன். அதுவும் போதவில்லை. நம் ஜமாத்தைச் சேராத வீடுகளையெல்லாம் எடுத்துவிட்டேன். நிக்காஹ் விஷயத்தில் அவர்களுக்கு என்ன வேலை? பாதிக்குமேல் இடம் கிடைத்தது. முனாப்புக்கும் வஹிதாவுக்கும் தடையான உறவு உண்டா என்று கேட்டேன். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் பதில் ஸ்கிரீனில் இருந்தது.

இல்லை.

இனி நன்றாகச் சாப்பிடு. அப்பாவுக்கும் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். பயப்படாதே, பால் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு குடும்பத்தையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், தடை எதுவும் இல்லை என்கிறது என்று மட்டும் எழுதினேன். அவருக்கும் கொஞ்சம் பெருமையாக இருக்கட்டுமே.

அன்வர்


பாப்பிரெட்டிப்பட்டி
24-7-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ அப்பாவுக்கு எழுதியிருக்கக் கூடாது.

அவர் அந்தக் கடிதத்தைக் கடையில் வைத்து எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்கிறார். நம்ம பையன் மிஷினே சொல்லிருச்சுங்க என்று புளி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். காஜா மாமு மட்டும், “அப்ப ஹஜ்ரத்து எதுக்கு பாய், மிஷினையே வரச் சொல்லு. நிக்காஹ்வும் ஓதிரும், பிரியாணியும் கிண்டிரும்” என்றாராம். அப்பா அதையும் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். நான் அடுக்களையில் நின்று கேட்டேன். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உன் கடிதம் வந்த அன்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டு தோசை சாப்பிட்டேன். பிறகு மறுபடி படித்தேன். ஜமாத்தைச் சேராத வீடுகளையெல்லாம் எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதில் குள்ளம்மாள் அத்தையும் போய்விட்டாரா?

அத்தையை வெளியே வைத்துவிட்டு அத்தையைப் பற்றிக் கேட்டால் அதற்கு எப்படித் தெரியும், அண்ணா? அது இல்லை என்று சொன்னதா? தெரியவில்லை என்று சொன்னதா? எனக்கு இந்த மிஷின் விஷயம் ஒன்றும் புரியாது. தப்பாகக் கேட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

அத்தை பால் ஊற்ற வரும்போதெல்லாம் உள்ளே போய்விடுகிறேன். கல்யாணப் பொண்ணுக்கு வெக்கம் வந்திருச்சு என்கிறார். அவர் இன்னொரு முறை அந்த வார்த்தையைச் சொல்லி, அதை யாராவது சரியாகக் காதில் வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பயம். யாரும் வாங்காமலே போய்விட்டால் என்ன ஆகும் என்றும் பயம்.

வஹிதா


பெங்களூர்
29-7-1987

வஹி,

நீ தப்பாகக் கேட்கவில்லை. அத்தையும் போய்விட்டார். நான்தான் எடுத்தேன்.

உன் கடிதம் வந்ததும் அவர் வீட்டாரை மறுபடி ஏற்றினேன். அவர் உங்கள் இருவருக்கும் பால் கொடுத்திருந்தால் என்று வைத்துக்கொண்டு கேட்டேன். பதில் வரவில்லை. அந்த வீட்டில் மாமனுக்குப் பெண் கொடுத்திருக்கிறார்கள், அக்கா மகளைக் கட்டியிருக்கிறார்கள். ஒரே ஆள் மூன்று வழியில் சொந்தம். மிஷின் ஒவ்வொரு வழியாகவும் போய் அதே ஆளிடம் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அதை நினைவில் எழுதிக்கொள்கிறது. கடைசியில் இடமில்லாமல் நின்றுவிடுகிறது. மூன்று நாளாக இதே கதை.

புரொபசரிடம் உன் கேள்வியை என் கேள்வி போலக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். தன்னிடம் உள்ளதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத எல்லாவற்றுக்கும் இது இல்லை என்றுதான் சொல்லும். தெரியாது என்ற வார்த்தையை நாம் இதற்குக் கொடுக்கவில்லை, கொடுத்தால் அதற்கு வேறு மெமரி வேண்டும் என்றார். சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் அந்த இடத்திலேயே நின்றேன். அப்பா கடையில் படித்துக் காட்டிய கடிதம் என் கண்முன் வந்தது.

யோசித்துப் பார்த்தால் இதற்கு மிஷினே வேண்டாம். அத்தை உனக்குக் கொடுத்தாரா, அவனுக்குக் கொடுத்தாரா? இரண்டும் உண்மை என்றால் பதிலைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்த இரண்டும் உண்மையா என்பதை எந்த மிஷினும் சொல்லாது. அத்தை ஒருவருக்குத்தான் தெரியும்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. கேட்காமல் விட்டால் என்ன, வஹி? தெரியாமல் செய்வது பாவமாகாது என்று படித்திருக்கிறேன். அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு. பத்திரிகை அடித்தாகிவிட்டது. முனாப் நல்ல பையன். நீ காதில் வாங்கிய ஒரு வார்த்தை, அதற்கு இரண்டு அர்த்தம். நல்ல அர்த்தத்தை எடுத்துக்கொள்ளக் கூடாதா?

அன்வர்


பாப்பிரெட்டிப்பட்டி
1-8-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

தெரியாமல் செய்வது வேறு. தெரிந்துவிடுமோ என்று காதைப் பொத்திக்கொள்வது வேறு. நான் பொத்திக்கொண்டிருக்கிறேன். நீயும் இப்போது பொத்திக்கொள்ளச் சொல்கிறாய்.

நேற்று அத்தையின் கொட்டகை வரை போனேன். கேட்டுவிடுவது என்றுதான் போனேன். அத்தை கன்றைக் கட்டிவிட்டுத் திரும்பி, என்ன கண்ணு என்றார். அம்மா தயிருக்கு உறை கேட்டார் என்றேன். கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் உறை இருந்தது. அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உனக்கு ஒன்று சொல்லவா? நிக்காஹ் அன்று பெண் சார்பில் நிற்கும் வக்கீலும் சாட்சிகளும் அவளிடம் வந்து சம்மதமா என்று கேட்பார்கள். பெண் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. கன்னிப்பெண் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம் என்று போய் எழுதிக்கொள்வார்கள். வெட்கத்தில் பேச வராது என்பதற்காக வைத்த நல்ல வழக்கம்தான் அது. ஆனால் எனக்கு நினைக்கவே பயமாக இருக்கிறது. உன் மிஷினுக்குக் கிடைக்காதது எல்லாம் “இல்லை”. இங்கே நான் சொல்லாதது எல்லாம் “சரி”. பேசாமல் இருப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உள்ளேன் டீச்சர் என்று சொல்லக்கூட எழுந்து நிற்காமல் ஆப்சென்ட் வாங்கியவள் நான்.

அன்றைக்கும் அப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். எல்லோரும் முபாரக் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் அத்தை பால் சொம்போடு வந்து, வேடிக்கையாக, விவரமாகச் சொல்வார். அப்போது என் மடியில் ஒரு குழந்தைகூட இருக்கலாம்.

அண்ணா, நீ வா. நீ கேள்.

வஹிதா


பெங்களூர்
4-8-1987

வஹி,

அடுத்த வாரம் டில்லியிலிருந்து அதிகாரிகள் மிஷினைப் பார்க்க வருகிறார்கள். அது முடியாமல் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். நானே அத்தையிடம் கேட்கிறேன். அப்பாவிடமும் நானே பேசுகிறேன். இது என்னால் வந்த வினை.

நான் வரும்வரை யாரிடமும் வாய் திறக்காதே. அவசரப்பட்டு எதையும் சொல்லிவிடாதே. உன்னால் முடியாது, வஹி. நடுவில் அழுதுவிடுவாய். பிறகு ஆளுக்கொரு கதை கட்டுவார்கள்.

அன்வர்


பாப்பிரெட்டிப்பட்டி
9-8-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சொன்னது போல நடுவில் அழுதேன். ஆனால் சொல்லி முடித்துவிட்டேன்.

பக்ரீத்துக்கு மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போனேன். அத்தை பால் கறந்துகொண்டிருந்தார். நான் அவர் முதுகுப் பக்கம் நின்றேன், முகத்தைப் பார்த்தால் மறுபடி உறை கேட்டுவிடுவேன் என்று. ஊட்டினேன் என்று சொன்னீர்களே, கையாலா என்று கேட்டேன்.

“கையாலயா?” அத்தை திரும்பாமலே சிரித்தார். “கையால ஊட்டுறதுக்கு உனக்குப் பல்லு இருந்துச்சா? உங்கம்மா சொரத்துல கெடந்தா. நீ கத்துற. என் சின்னவன் பொறந்து பால் கட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. மார்ல வெச்சு ஊட்டுனேன்.”

அவருக்கும் அப்படித்தானா என்றேன். யாரைக் கேட்கிறேன் என்று அத்தைக்குப் புரிந்தது. முனாப்பைப் பெற்றவுடன் அவன் அம்மா ஜான் பீயைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், திரும்பி வர மாதக்கணக்கானது, அப்போது பெரியவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பாலில் பாதி அவனுக்கு என்றார். “அவன் கடிப்பான். நீ சாது.” துலுக்கப் பிள்ளைக்கு மார் கொடுத்தாள் என்று தெரிந்தால் மாமியார் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லையாம். மாமியார் போன பிறகு மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்தாராம்.

நான் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைக் கையால் பொத்தினார். கையை எடுக்கவே இல்லை. யாருக்கும் தெரியவேண்டாம் என்றார். அன்று முழுவதும் என்னைப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தேவைக்கு மேல் உரித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத் மஹர் பணம் பேச வீட்டுக்கு வந்தார். அப்பா உன் கடிதத்தை எடுத்துக் காட்டப் போனார். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். இப்போது பேசாவிட்டால் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தது. ஹஜ்ரத் என்று கூப்பிட்டேன். குரல் வெளியே வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். உள்ளே யார் என்றார் ஹஜ்ரத். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் திரையைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்க ரெண்டு பேருக்கும் குள்ளம்மாள் அத்தை பால் குடுத்திருக்காங்க. நானே கேட்டுட்டு வந்தேன்.”

அதற்குமேல் அழுகைதான் வந்தது. அப்பா உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் என்று அம்மா பிறகு சொன்னார். அவர் மயங்கி விழுவார், என்னை அடிப்பார் என்றெல்லாம் பயந்திருந்தேன். அவளுக்குத் தண்ணீர் கொடு என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

நேற்று அரூரிலிருந்து அவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஹஜ்ரத்தும் வந்தார். குள்ளம்மாள் அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கூடவே அத்தையின் வீட்டுக்காரர் மாதையன் மாமாவும் வந்து வாசலில் நின்றார். அத்தை எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆட்டுப்பாலைப் பாலாடையில் ஊற்றியிருக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, “கத்துற புள்ளைய வெச்சிக்கிட்டுப் பாலாடை தேடச் சொல்றீங்களா?” என்றார். பிறகுதான் இதனால் கல்யாணம் நிற்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. என் வாயில் மண்ணைப் போட என்று தலையில் அடித்துக்கொண்டார். முனாப்பின் அம்மா ஜான் பீதான் எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்தார். என் பிள்ளை பிழைத்தது எப்படி என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாதே என்று சொல்லி அவரும் அழுதார்.

இப்போது இவர்களுக்கு என்ன முறை என்று பெரியவர் ஒருவர் கேட்க, ஹஜ்ரத் சொன்னார். குள்ளம்மாள் தாய், பிள்ளைகள் இருவரும் அண்ணன் தங்கை. மாதையன் மாமா துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, “அப்ப நான் அப்பன் மொறையாங்க?” என்றார். ஆமாம் என்றார் ஹஜ்ரத். “அப்பனுக்குச் சொல்லாமயே கல்யாணம் பேசியிருக்கீங்க பாருங்க.” அப்பா சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீ கேட்பாய், எனக்கு எப்படி இருக்கிறது என்று. இன்னும் பயம் போகவில்லை. பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் அப்பா நடந்துபோய்ச் சொல்லவேண்டும். நின்றுபோன கல்யாணத்துப் பெண் என்று என்னைச் சொல்வார்கள். இனி யார் வருவார்கள் என்று அம்மா கேட்கிறார். வியாழக்கிழமை நீ வா. கல்யாணத்துக்கு அல்ல, அப்பாவோடு அந்த வீடுகளுக்குப் போக.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். அவர்கள் கிளம்பும் நேரம். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முனாப் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். திரையைப் பார்த்து, “தங்கச்சி, கொஞ்சம் தண்ணி” என்றார்.

அம்மா ஹஜ்ரத்தைப் பார்த்தார். அண்ணன் முன்னால் வர தங்கைக்குத் திரை வேண்டாம் என்றார் அவர். நான் சொம்பையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முக்காடு தலையில் இருந்தது, முகத்தில் இல்லை. நிமிர்ந்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன், அண்ணா. என்னைவிட அவர்தான் பயந்து போயிருந்தார். உதடு வெளுத்திருந்தது. அவர் டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது பாதித் தண்ணீர் சட்டையில் போயிற்று. மீதியைக் குடித்தார்.

“இன்னும் கொஞ்சம்” என்றார்.

ஊற்றினேன்.

வஹிதா